ஓவர்

பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தியிருக்கும்வரை எதிராளி பேசுவது கேட்காது.
சிக்னல்ஸ் படையில் முதல் நாள் பாடம் அது.
சொல்லி முடித்ததும் 'ஓவர்' என்று விரலை எடு.
பிறகு இரைச்சல். இரைச்சலுக்குள் ஓர் ஆள்.

லேயில் பதினான்கு மாதம் அப்படிக் காது வளர்த்தேன்.
எங்கள் பக்கம் 'லே' என்பது கூப்பிடுகிற சொல்.
அங்கே அது ஊர்; கூப்பிட்டால் பனிதான் வரும்.
இப்போது பாளையங்கோட்டையில்,
சமாதானபுரம் தாண்டி,
முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் குமாஸ்தா.
கர்னல் மேடம் சொல்வதைத் தட்டச்சு செய்து
பலகையில் ஒட்டுவது என் வேலை.

சுற்றறிக்கை பதினொன்று: மருந்து இருப்பு பற்றி
ஊழியர் யாரும் நோயாளியிடம் பேசலாகாது.
பதினேழு: எந்தக் குறையும் உரிய வழியில், எழுத்தில்.
இருபத்திரண்டு: சுற்றறிக்கைகளைப் படித்ததற்கு
எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.
எல்லோரும் இட்டார்கள்.
இசக்கியம்மாள் கட்டைவிரலை வைத்தாள்.

கெட்டவர் அல்ல மேடம். அதையும் சொல்லிவிட வேண்டும்.
முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரியை நடத்தியவர்.
எங்களுக்கு முன்னால் வருவார், பின்னால் போவார்.
திசையன்விளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த
நாயக் ஒருவரின் மனைவியைத்
தன் காரில் ஏற்றி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.
பொத்தானிலிருந்து விரலை எடுக்கத்தான் வரவில்லை.

ஆனி மாதம். வெளியே காற்று மண்ணை அள்ளி வீசியது.
திங்கள் காலை ஜெபக்கனி
மருந்தறை ஃபிரிட்ஜைத் திறந்தபோது
உள்ளே லே.
நூற்று நாற்பது இன்சுலின் குப்பி,
அத்தனையும் உறைந்து கல்லாகி.
உருகினாலும் அது இனி மருந்தில்லை.
கூடத்தில் டோக்கன் முப்பத்தாறு வரை உட்கார்ந்திருந்தது.

எங்களை வரிசையாக நிறுத்தினார்.
"இது யாருக்காவது முன்பே தெரியுமா?"
ஜெபக்கனி தன் செருப்பைப் பார்த்தாள்.
லேப் மசூது என்னைப் பார்த்தார்.
கடைசியில், மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இசக்கியம்மாள்:

"எனக்குத் தெரியும்மா.
சனிக்கிழம கூட்டும்போதே அது இரைஞ்சிக்கிட்டுக் கெடந்துது,
நிக்கவே இல்ல.
எழுத்துலதான் சொல்லணும்னு போட்டிருக்கியள்லா.
எனக்கு எழுத்துத் தெரியாது.
நான் யாருட்டப் போயி எழுத?"

மேடம் எதுவும் சொல்லவில்லை.
நான் எண்ணினேன், பழைய பழக்கம்.
பத்தொன்பது விநாடி.
அந்தக் கட்டிடத்தில் அவ்வளவு நேரம்
அலைவரிசை காலியாக இருந்ததில்லை.

பிறகு அவரே கவுன்ட்டருக்குப் போனார்.
"மருந்து கெட்டுப்போச்சு, தப்பு எங்களோடது."
டோக்கன் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை
ஒவ்வொருவரிடமும் நின்று அதையே சொன்னார்.
ஒன்பதாவது டோக்கன், மூலைக்கரைப்பட்டி சுபேதார்,
வாய்க்கு வந்தபடி ஏசினார்.
ஜெபக்கனி தினமும் வாங்குவதுதான்.
அன்று முகவரி தப்பாமல் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் இருபத்துமூன்றைச் சொன்னார், தட்டினேன்.
பதினேழு ரத்து. யாரும் எதையும் வாயால் சொல்லலாம்.
முடிவில், கேட்காமலே, நானாக ஒரு சொல்:
ஓவர்.

"இது என்ன, உலகநாதன்?"
"நீங்க முடிச்சிட்டீங்கன்னு அர்த்தம், மேடம்."
"அலுவலக நடை இல்லை" என்று சிவப்புப் பேனாவால் அடித்தார்.
அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.
அடித்த பிறகும் படிக்க முடிந்தது. அப்படியே ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அதன் கீழே பென்சிலில்:
லேப் மின்விசிறி ஓடவில்லை, ஓவர்.
புதன்கிழமை
ஒரு கட்டைவிரல் ரேகை. வேறொன்றும் இல்லை.

மேடம் அதன் முன்னால் நின்றிருந்தார்,
கைகளைப் பின்னால் கட்டியபடி.
பிறகு, வாளி நகரும் சத்தம் வந்த பக்கமாக
நடந்தார்.